ஆடிட்டர் ஆபீஸ் சர்வர்: விண்டோஸ் போடுவதற்கு முன் நான்கு டிஸ்க்கை எந்த ரெய்டில் கட்டுவது?

#1 தி.நகர் கணக்கன்

எல்லோருக்கும் வணக்கம். தி.நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பெயருக்குத்தான் அக்கவுண்ட்ஸ். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் வைஃபை படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது புது டவர் சர்வர் ஒன்று வந்து இறங்கியிருக்கிறது, அதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

உள்ளே தனி ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று செத்தாலும் டேட்டா போகாமல் பார்த்துக்கொள்வது) இருக்கிறது. மொத்தம் 8 ஸ்லாட். 4 டிபி சாட்டா ஹார்ட் டிஸ்க் நான்கு வாங்கி வைத்திருக்கிறோம். விண்டோஸ் சர்வர் போட்டு டாலியும், கிளையன்ட் ஃபைல்களும், பல வருடத்து ஸ்கேன்களும் அதில் வைக்க வேண்டும். பயன்படுத்துவது 18 பேர். இன்றைய தேதிக்கு மொத்த டேட்டா 2 டிபிக்குக் கொஞ்சம் கீழே.

சர்வர் கொடுத்தவர், நான்கையும் ரெய்டு 5-இல் போட்டு ஒரே டிஸ்க்காக்கி சி, டி என்று பிரித்துக்கொள்ளுங்கள், 12 டிபி கிடைக்கும் என்கிறார். அப்படியே செய்துவிடலாமா? விண்டோஸ் ஏறிய பிறகு மாற்றுவது கஷ்டம் என்று கேள்விப்பட்டேன். செப்டம்பர் 30 நெருங்கினால் இங்கே யாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. அதற்குள் முடிக்க வேண்டும்.

#2 பழைய ஸ்பிண்டில்

முதலில் ஒரு எச்சரிக்கை. ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு "நாளைக்கு ரெய்டு" என்று சத்தமாகப் பேசாதீர்கள். வரவேற்பறையில் இருக்கும் கிளையன்ட் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். கண்ட்ரோலரில், அதாவது அந்த ரெய்டு கார்டில், ஒருமுறை கட்டிவிட்டால், வேறு ரெய்டுக்கு மாற்ற பெரும்பாலும் எல்லாவற்றையும் அழித்துத்தான் ஆக வேண்டும். சில கார்டுகள் ஓடும்போதே மாற்ற விடும். ஆனால் டேட்டா ஏறிய சர்வரில் அந்த வித்தையைச் செய்ய எனக்குத் தைரியம் கிடையாது.

பதில் சொல்வதற்கு முன் நான்கு கேள்விகள். ரெய்டு கார்டில் கேஷுக்கு (எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) பேட்டரியோ கெப்பாசிட்டரோ இருக்கிறதா? அந்த நான்கு டிஸ்க்கும் டெஸ்க்டாப் ரகமா, நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் ஸ்டோரேஜ் பெட்டி) அல்லது சர்வர் ரகமா? சர்வர் எந்த இடத்தில் நிற்கப் போகிறது? ஒரு டிஸ்க் செத்தால் அது யாருக்கு, எப்படித் தெரியும்?

#3 தி.நகர் கணக்கன்

பேட்டரி இருக்கிறது, பில்லில் தனியாகப் போட்டிருக்கிறார்கள். டிஸ்க் நாஸ் ரகம். இடம்: ரிசப்ஷன் பின்னால் ஒரு சின்ன அறை, தரைத்தளம். பகலில் ஏசி ஓடும்.

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

#4 ஐந்தே போதும்

பயமுறுத்தாதீர்கள் ஸ்பிண்டில் அண்ணே. 18 பேர் ஆபீசுக்கு ரெய்டு 5 தாராளமாகப் போதும். நான்கு டிஸ்க்கில் ஒன்றின் இடம் மட்டும் பாரிட்டிக்குப் போகும், மூன்றின் இடம் கைக்கு வரும். ஜோடி ஜோடியாக ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் எழுதும் ரெய்டு 10 போட்டால் பாதிக்குப் பாதி போச்சு, 8 டிபிதான். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை ஏன் வீணாக்க வேண்டும்? நான் பல இடங்களில் ரெய்டு 5 போட்டிருக்கிறேன், இன்றுவரை ஓடுகிறது.

#5 பழைய ஸ்பிண்டில்

ஓடும். ஒரு டிஸ்க் சாகும் வரை எல்லாமே ஓடும் தம்பி.

கணக்கன் புதியவர் என்பதால் பாரிட்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கணக்குக்காரர் என்பதால் எளிதாகப் புரியும். மூன்று டிஸ்க்கில் 5, 7, 9 என்று எழுதியிருக்கிறது, நான்காவதில் கூட்டுத்தொகை 21 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 இருந்த டிஸ்க் செத்துவிட்டால், 21-இலிருந்து 5-ஐயும் 9-ஐயும் கழித்து 7-ஐக் கண்டுபிடிக்கலாம். நிஜத்தில் கூட்டல் அல்ல, எக்ஸ்-ஆர் என்ற பிட் கணக்கு. அந்தப் பாரிட்டியும் ஒரே டிஸ்க்கில் தங்காது, நான்கிலும் சுற்றிச் சுற்றி வரும். 1988-இல் பெர்க்லியில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில்தான் ரெய்டு என்ற பெயரும் 1 முதல் 5 வரையிலான வரிசையும் வந்தன. அப்போது RAID என்ற ஆங்கிலச் சுருக்கத்திலிருந்த 'ஐ'க்கு 'மலிவான' என்று அர்த்தம். பிறகு வந்த கம்பெனிகள் அதை 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டன. மலிவு என்று சொன்னால் விலை ஏற்ற முடியாதே.

இதில் இரண்டு வலி இருக்கிறது. ஒன்று, எழுதும்போது. ஒரு சின்ன மாற்றத்துக்கு ரெய்டு 5 பழைய டேட்டாவைப் படிக்க வேண்டும், பழைய பாரிட்டியைப் படிக்க வேண்டும், பிறகு இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். ஒரு வேலைக்கு நான்கு நடை. இரண்டு பாரிட்டி வைக்கும் ரெய்டு 6-இல் ஆறு நடை. ரெய்டு 10-இல் இரண்டே நடை. டாலி மாதிரி குட்டிக் குட்டியாக எழுதும் மென்பொருளுக்கு இது முக்கியம், பேட்டரி கேஷ் கொஞ்சம் மறைத்தாலும்.

இரண்டாவது, ரீபில்ட். செத்த டிஸ்க்குக்குப் பதில் புதிது போட்டதும் மீதி மூன்றையும் முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டும், அதாவது 12 டிபி. மூன்றையும் ஒரே நேரத்தில் நொடிக்கு 150 எம்பி வேகத்தில் படித்தாலே ஏழரை மணி நேரம். ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தால் ஒரு நாளைத் தாண்டும். அந்த நேரம் முழுக்க இன்னொரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. நான்கும் ஒரே பெட்டியில், ஒரே பேட்ச்சில் வந்த அண்ணன் தம்பிகள். ஒரே வயது, ஒரே சூடு, ஒரே வேலை.

#6 ஐந்தே போதும்

நீங்கள் அடுத்து '10-இன் அடுக்கு 14 பிட்டுக்கு ஒரு படிக்க முடியாத பிழை, 12 டிபி படித்தால் கட்டாயம் மாட்டும்' என்ற பழைய பாட்டைப் பாடப் போகிறீர்கள். அது தயாரிப்பாளர் கொடுக்கும் உச்ச வரம்பு, சராசரி அல்ல. அந்தக் கணக்கு நிஜமாக இருந்தால் நான் மாதா மாதம் டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும் ஸ்கேன் ஓட்டும்போதே பிழை கொட்டியிருக்க வேண்டும். கொட்டவில்லை.

#7 பழைய ஸ்பிண்டில்

அதில் உங்கள் கட்சிதான் நான். அதனால்தான் அந்தப் பாட்டை நான் பாடவே இல்லை. ஆனால் நீங்களே சொன்னீர்கள் பாருங்கள், மாதா மாதம் ஸ்கேன் ஓட்டுகிறேன் என்று. கணக்கன் ஆபீசில் அதை யார் ஓட்டுவார்கள்? யாரும் தொடாத மூலையில் ஒரு செக்டர் (டிஸ்க்கின் சின்னத் துண்டு) செத்திருக்கும். அது ரீபில்ட் நடக்கும் ராத்திரியில்தான் வெளியே வரும். ரெய்டு 5 கெட்டது என்று நான் சொல்லவில்லை. கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் கெட்டது.

#8 கிண்டி லினக்ஸ்

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இந்த வகையில் என் கட்சி வேறு. லினக்ஸ் சர்வராக இருந்தால் நான் ரெய்டு கார்டே வேண்டாம் என்பேன். லினக்ஸின் சொந்த ரெய்டு மென்பொருளான எம்டிஏடிஎம் போட்டால் போதும். கார்டு செத்தால் அதே குடும்பத்துக் கார்டைத் தேடி ஓட வேண்டியதில்லை. டிஸ்க்குகளைக் கழற்றி எந்த லினக்ஸ் மெஷினில் மாட்டினாலும் தானே சேர்ந்துகொள்ளும். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் என்றால் இன்னும் நல்லது, ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் (சரிபார்க்கும் எண்) வைத்திருக்கும், டிஸ்க் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடும். ஆனால் அதற்கு டிஸ்க்கை நேராகக் காட்ட வேண்டும், நடுவில் ரெய்டு கார்டு மறைக்கக் கூடாது.

கணக்கன் சார் விண்டோஸ் என்று முடிவெடுத்துவிட்டதால், இருக்கிற கார்டையே பயன்படுத்துங்கள். மதர்போர்டு பயாசில் 'ரெய்டு' என்று ஒரு ஆப்ஷன் தனியாகத் தெரிந்தால் அதன் பக்கம் போகாதீர்கள். அதில் தனி பிராசசரும் இல்லை, பேட்டரியும் இல்லை. வேலையெல்லாம் டிரைவர் மென்பொருள்தான் செய்யும். இரண்டு உலகத்தின் கெட்ட குணமும் அதற்கு உண்டு.

இன்னொன்று. ஓஎஸ்ஸையும் (விண்டோஸ்) டேட்டாவையும் ஒரே அரேயில் (ரெய்டில் சேர்த்துக் கட்டிய டிஸ்க் கூட்டம்) போடாதீர்கள். மீதி நான்கு ஸ்லாட் சும்மாதானே இருக்கிறது? சின்ன எஸ்எஸ்டி இரண்டு வாங்கி ரெய்டு 1-இல் (இரண்டிலும் ஒரே நகல்) கட்டி விண்டோஸை அதில் போடுங்கள். நாளைக்கு விண்டோஸ் கெட்டுப்போய்த் திரும்பப் போட வேண்டி வந்தால், டேட்டா அரேயைத் தொடவே வேண்டாம்.

#9 தி.நகர் கணக்கன்

நன்றி மேடம். இரண்டு எஸ்எஸ்டிக்கு சாரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டேன். டேட்டாவுக்கு 6-ஆ, 10-ஆ? இரண்டிலும் 8 டிபிதானே வருகிறது?

#10 பழைய ஸ்பிண்டில்

நான்கு டிஸ்க்கில் இது நல்ல வாதம். ரெய்டு 6-இல் எந்த இரண்டு செத்தாலும் டேட்டா இருக்கும். ரெய்டு 10-இல் ஒன்று செத்த பிறகு மீதி மூன்றில் ஒன்று, அதாவது செத்ததன் ஜோடி, போனால்தான் ஆபத்து. மற்ற இரண்டில் எது போனாலும் பிழைப்பீர்கள். ஆனால் ரெய்டு 10-இல் ரீபில்ட் என்பது ஜோடியிலிருந்து நேர் நகல். ஒரு டிஸ்க்கைப் படித்து ஒரு டிஸ்க்கில் எழுதினால் முடிந்தது. எழுதும் வேகமும் அதிகம். பாதுகாப்பு மட்டும்தான் பார்ப்பேன் என்றால் 6. டாலியில் 18 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் நான் 10 போடுவேன். பின்னால் டிஸ்க் சேர்த்து நீட்ட பல கார்டுகளில் ரெய்டு 10 விடாது, அதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். 2 டிபி டேட்டாவுக்கு 8 டிபி சில வருடம் வரும்.

ஐந்தாவதாக ஒரு டிஸ்க் வாங்கி ஹாட் ஸ்பேராகச் சும்மா மாட்டி வையுங்கள். ஒன்று செத்ததும் யாரும் வரும்வரை காத்திராமல் கார்டே ரீபில்டைத் தொடங்கிவிடும்.

#11 மேற்கு மாம்பலம் மாடிவீடு

ரெய்டு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் 'தரைத்தளம்' என்று படித்ததும் கை பதறுகிறது. 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியபோது எங்கள் கடை கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் இருந்தது. எத்தனை டிஸ்க் இருந்தால் என்ன, எல்லாம் ஒரே தண்ணீரில்தானே மிதக்கும்? முதல் மாடிக்குத் தூக்குங்கள் சார்.

#12 பழைய ஸ்பிண்டில்

இந்த இழையிலேயே உருப்படியான பதில் இதுதான்.

ஏசி விஷயமும் சொல்ல மறந்தேன். மாலை 7 மணிக்கு ஏசியை அணைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போவார்கள். கத்திரி வெயில் மாதத்தில் அந்தச் சின்ன அறை ராத்திரி முழுக்க அடுப்பாக இருக்கும். கதவில் காற்று போக ஜாலி (துளைத் தட்டி) வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு எக்சாஸ்ட் ஃபேன்.

#13 ராத்திரி ஷிஃப்ட்

எல்லோரும் ரெய்டு லெவல் (5, 6, 10) பற்றியே பேசுகிறீர்கள். நான் டேட்டாவை இழந்தது லெவலால் அல்ல, எண்ணிக்கையால்.

ரொம்ப வருடம் முன்பு ஒரு கிளையன்ட் இடத்தில் ரெய்டு 5, நான்கு டிஸ்க். ஒன்று செத்துவிட்டது. நான் வீட்டிலிருந்து லாகைப் பார்த்து, போனில் அங்கிருந்த பையனிடம் "மூணாம் நம்பரைக் கழற்று" என்றேன். ஸ்லாட் எண் 0-இலிருந்து தொடங்கும். அவன் மனிதன் எண்ணுவது போல ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, நல்ல டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டான். அரே அந்த நொடியே படுத்துவிட்டது.

அப்போதும் காப்பாற்றியிருக்கலாம். பிடுங்கியதைத் திரும்பச் செருகினால் கார்டு அதை 'ஃபாரின்' என்று காட்டும். இம்போர்ட் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். பதற்றத்தில் நான் அதை அழித்து, அதே டிஸ்க்குகளில் புது அரே கட்டி, இனிஷியலைஸ் (உள்ளதை அழித்துப் புதிதாகத் தயார் செய்வது) கொடுத்தேன். பழையபடி கட்டினால் டேட்டா திரும்ப வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கடைசி பேக்கப் 11 நாள் பழசு.

அதிலிருந்து ஒவ்வொரு டிரேயிலும் ஸ்லாட் எண்ணும், டிஸ்க்கின் சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்தும் லேபிள் ஒட்டுகிறேன். கார்டின் மென்பொருளில் 'லொகேட்' கொடுத்து விளக்கு சிமிட்டுவதைப் பார்த்த பிறகுதான் கையை வைக்கச் சொல்வேன்.

#14 தி.நகர் கணக்கன்

ஷிஃப்ட் அண்ணே, படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. லேபிள் இன்றைக்கே ஒட்டிவிட்டேன்.

ரிச்சி ஸ்ட்ரீட் போய் 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டும், இன்னொரு 4 டிபி டிஸ்க்கும் வாங்கி வந்தேன். ஒரு கடையில் பாதி விலைக்கு "சீல் பிரிக்காத பீஸ்" என்று டிஸ்க் காட்டினார்கள். எடுக்கலாமா என்று கை துறுதுறுத்தது.

#15 கிண்டி லினக்ஸ்

எடுக்காமல் வந்தீர்களே, அதுவே பாதி வெற்றி. எங்கே வாங்கினாலும் மாட்டுவதற்கு முன் ஒரு சாதாரண கம்ப்யூட்டரில் செருகி ஸ்மார்ட் தகவலை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைப்பது) பாருங்கள். பவர்-ஆன் மணி சில மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் எங்கோ உழைத்துவிட்டு வந்த டிஸ்க். அதையும் சிலர் அழித்துவிட்டு விற்கிறார்கள் என்பதால், சீரியல் நம்பரைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு வாரண்டி தேதியையும் பாருங்கள்.

மாடல் எண்ணைத் தேடி அது எஸ்எம்ஆர் ரகமா என்றும் பாருங்கள். ஓட்டு வேய்ந்த மாதிரி ஒரு தடத்தின் மேல் இன்னொன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்த பக்கத்தில் உள்ளதையும் எழுத வேண்டும். ரீபில்டின்போது அது நொண்டும். நாஸ் டிஸ்க் என்று விற்றவற்றில் சில இந்த ரகம் என்பது 2020-இல்தான் வெளியே தெரிந்து பெரிய சண்டை ஆனது.

எஸ்எஸ்டி இரண்டும் ஒரே மாடலா? ரெய்டு 1-இல் இரண்டிலும் ஒரே அளவு எழுதப்படும், ஒரே வேகத்தில் தேயும். அடுத்த வருடம் ஒன்றை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

#16 பழைய ஸ்பிண்டில்

கார்டு திரையில் என்ன செய்ய வேண்டும் என்று தனிச்செய்தியில் கேட்டீர்கள். இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் ஆகும்.

சர்வர் ஏறும்போது யூஇஎஃப்ஐ (பயாசின் புது வாரிசு) அமைப்புக்குள் போனால் ஸ்டோரேஜ் கண்ட்ரோலர் என்று ஒரு இடம் இருக்கும். பழைய கார்டுகளில் பூட் ஆகும்போது ஒரு கீ கூட்டணி காட்டும். முதலில் எஸ்எஸ்டி இரண்டையும் எடுத்து ரெய்டு 1, அதற்கு 'ஓஎஸ்' என்று பெயர் வையுங்கள். பெயர் வைக்காமல் விட்டால் விண்டோஸ் போடும்போது எது எதென்று திணறுவீர்கள். அடுத்து நான்கு ஹார்ட் டிஸ்க்கில் ரெய்டு 10, பெயர் 'டேட்டா'. ஐந்தாவதை குளோபல் ஹாட் ஸ்பேர் ஆக்குங்கள். எஸ்எஸ்டிக்கு அது உதவுமா என்று கேட்காதீர்கள், சாட்டா எஸ்எஸ்டியையும் ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே அரேயில் கலக்கப் பெரும்பாலான கார்டுகள் விடாது.

ஸ்ட்ரைப் அளவு (ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு முறைக்கு எழுதும் துண்டின் அளவு) கேட்கும். கார்டு எதைக் காட்டுகிறதோ அதையே விடுங்கள். இதைப் பற்றி இணையத்தில் ஆயிரம் பக்கம் சண்டை நடக்கும், உங்கள் ஆபீசுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

ரைட் பாலிசிதான் முக்கியம். 'ரைட் பேக்' என்றால் டேட்டா கேஷுக்கு வந்ததுமே எழுதியாயிற்று என்று கார்டு சொல்லிவிடும். கரண்ட் போனால் அதைக் காப்பாற்ற பேட்டரி வேண்டும். 'ரைட் த்ரூ' என்றால் டிஸ்க்கில் இறங்கிய பிறகுதான் சொல்லும், மெதுவாக இருக்கும். நீங்கள் சாதாரண ரைட் பேக் போடுங்கள். பேட்டரி செத்தால் கார்டு தானாக ரைட் த்ரூவுக்கு இறங்கிவிடும். பக்கத்திலேயே 'எப்போதும் ரைட் பேக்' அல்லது 'ஃபோர்ஸ்' என்று ஒன்று இருக்கும். பேட்டரி இல்லாவிட்டாலும் எழுதுவேன் என்று அர்த்தம். அதை மட்டும் தொடாதீர்கள். ஒருநாள் சர்வர் திடீரென்று மந்தமானால் முதலில் பேட்டரியைத்தான் பாருங்கள். டிஸ்க்கின் சொந்த கேஷை அணைத்துவிடுங்கள், அதற்கு பேட்டரி பாதுகாப்பு கிடையாது.

கடைசியாக இனிஷியலைஸ். வேகமானது கண்சிமிட்டும் நேரத்தில் முடியும். முழுமையானது மணிக்கணக்கில் எல்லா செக்டரையும் எழுதிப் பார்க்கும். புது டிஸ்க், உங்களுக்கு நேரமும் இருக்கிறது, முழுமையாகவே ஓட்டுங்கள். பிஞ்சிலேயே வெம்பும் டிஸ்க் இருந்தால் இப்போதே தெரிந்துவிடும், கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ளலாம்.

#17 தி.நகர் கணக்கன்

முழு இனிஷியலைஸ் ராத்திரி முழுக்க ஓடி முடிந்தது. சர்வரை முதல் மாடி ஃபைல் ரூமுக்குத் தூக்கிவிட்டோம்.

இப்போது வேறு பிரச்சினை. விண்டோஸ் பென்டிரைவைப் போட்டால், டிஸ்க் எதுவுமே இல்லை என்கிறது! கார்டு திரையில் இரண்டு அரேயும் பச்சையாகத்தான் இருக்கின்றன.

#18 கிண்டி லினக்ஸ்

பதறாதீர்கள், இனிஷியலைஸ் பண்ணக் கை போகக் கூடாது (ஷிஃப்ட் அண்ணன் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்). விண்டோஸிடம் உங்கள் கார்டுக்கு டிரைவர் இல்லை, அவ்வளவுதான். சர்வர் தயாரிப்பாளர் தளத்தில் மாடலைப் போட்டு டிரைவரை இறக்கி, பிரித்து, பென்டிரைவில் ஒரு ஃபோல்டராக வைத்து, அதே திரையில் உள்ள 'லோட் டிரைவர்' மூலம் காட்டுங்கள். அப்படியே பூட் யூஇஎஃப்ஐயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். டேட்டா டிஸ்க்கை ஜிபிடி என்ற புது முறையில்தான் பிரிக்க வேண்டும். பழைய எம்பிஆர் முறையில் 512 பைட் செக்டருக்கு 2.2 டிபிக்கு மேல் கண் தெரியாது.

#19 தி.நகர் கணக்கன்

வந்துவிட்டது மேடம்! விண்டோஸ் ஏறிவிட்டது. ஆனால் 8 டிபி என்றீர்களே, 7.27 டிபிதான் காட்டுகிறது. மீதி எங்கே? சார் கணக்குக் கேட்கிறார்.

#20 ஐந்தே போதும்

அது மட்டும் யாரும் திருடவில்லை என்று சொல்லுங்கள். டிஸ்க் விற்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆகப் பெருக்கிவிட்டு அதே பெயரைச் சொல்கிறது. வியாபாரி மரக்காலும் வீட்டு மரக்காலும் ஒத்துப்போகாத கதைதான்.

இன்னொன்று, நான் தோற்றதாக எழுதிக்கொள்ளாதீர்கள். ஆனால் ஹாட் ஸ்பேர் போட்டது நல்லது.

#21 பழைய ஸ்பிண்டில்

இனிமேல்தான் முக்கியமான வேலை. டேட்டா ஏற்றுவதற்கு முன், சனிக்கிழமை மாலை ஆட்கள் போன பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெய்டு 10-இலிருந்து ஒரு டிஸ்க்கைப் பிடுங்குங்கள். கார்டு அலறுகிறதா, ஹாட் ஸ்பேர் எழுந்து ரீபில்டைத் தொடங்குகிறதா, எத்தனை மணி நேரம் ஆகிறது, உங்களுக்கு மெயில் வருகிறதா என்று எழுதி வையுங்கள். மெயில் அனுப்ப கார்டின் மேலாண்மை மென்பொருளை விண்டோஸில் போட்டு முகவரி கொடுக்க வேண்டும். பேட்ரோல் ரீடையும் (கார்டே டிஸ்க்குகளை முழுக்கப் படித்துப் பிழை தேடுவது) வாரம் ஒருமுறை ஓட வைத்துவிடுங்கள்.

அப்புறம் பேக்கப். யாராவது தெரியாமல் ஒரு கிளையன்ட் ஃபோல்டரை அழித்தால் நான்கு டிஸ்க்கும் சேர்ந்து உண்மையாக, வேகமாக அழிக்கும். ரான்சம்வேர் வந்தாலும் அப்படித்தான், ஜோடி ஜோடியாகப் பூட்டிவிடும். வெளி டிஸ்க் இரண்டு வாங்கி மாற்றி மாற்றி எடுத்து, ஒன்றை சார் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

#22 தி.நகர் கணக்கன்

சனிக்கிழமை 6:40-க்கு ஸ்லாட் 2-ஐப் பிடுங்கினேன். (0-இலிருந்து எண்ணி, விளக்கைச் சிமிட்ட வைத்து, லேபிளையும் பார்த்து.) அலறல் கேட்டு வாட்ச்மேன் மாடிக்கு ஓடி வந்துவிட்டார். சில நொடியில் ஸ்பேர் எழுந்தது. ஞாயிறு விடியற்காலை 3:15-க்கு ரீபில்ட் முடிந்ததாக லாக் சொல்கிறது. பிடுங்கிய டிஸ்க்கைத் திரும்பச் செருகினேன், 'ஃபாரின்' என்று காட்டியது, பழைய அடையாளத்தை அழித்து அதைப் புது ஸ்பேராக்கிவிட்டேன்.

மெயிலும் போனது. ஆனால் எனக்கு அல்ல. அலர்ட் முகவரியில் ஆபீசின் பொது ஐடியைக் கொடுத்திருந்தேன், அது நேராக சாரின் போனில் விழுந்திருக்கிறது. ராத்திரி 7 மணிக்கு எனக்குப் போன்: "ஏம்ப்பா, 'டேட்டா டீகிரேடட்'னு ஒரு மெயில் வந்திருக்கு. இது எந்த கிளையன்ட்?"